கலங்கி நாறும் மீன் தொட்டி நீரைத் தெளியவைத்தல்: புதிதாக மீன் வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

புதிய மீன் தொட்டியை வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் அதன் நீர் வெளுத்துக் கலங்குவதும், அடுத்த கிழமை மூடியைத் திறந்தவுடன் நாற்றம் முகத்தில் அடிப்பதும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மீன் வளர்க்கத் தொடங்கும் பலரும் சந்திக்கும் முதற் சிக்கலாகும். அதைக் கண்டவுடன் தொட்டியை வெறுமையாக்கி, கற்களைக் கிணற்றடியில் கொட்டி அலசி, வடிகட்டியின் பஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புது நீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விடுவதே வீடுகளில் நடக்கும் வழக்கமான வைத்தியம். அன்று மாலை நீர் தெளிவாகத்தான் இருக்கும். சில நாட்களில் அதே கலங்கல் மீண்டும் வரும், ஓரிரு மீன்களும் இறந்திருக்கும். இந்த வழிகாட்டி அந்த வைத்தியத்தைக் கைவிடச் சொல்கிறது. கலங்கல் எதனால் வந்தது என்பதை நீரின் நிறம், மணம், தொட்டியின் வயது ஆகியவற்றைக் கொண்டு கண்டறிந்து, அதற்குரியதை மட்டும் செய்தால், பெரும்பாலான தொட்டிகள் முழுக் கழுவல் இல்லாமலே தெளிந்துவிடும்.

முதலாம் படி: நீரை விட்டுவிட்டு மீனைப் பாருங்கள்

நீர் எவ்வளவு கலங்கியிருந்தாலும் மீன்கள் இயல்பாக நீந்தி, உணவைக் கண்டதும் ஓடி வந்தால் அவசரம் எதுவும் இல்லை. மாறாக, மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்செடுத்தாலோ, செவுள்கள் வழமையை விட வேகமாக அசைந்தாலோ, செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு தரையில் படுத்திருந்தாலோ, காரணத்தை ஆராய்வதற்கு முன்பே முதலுதவி செய்ய வேண்டும். குளோரின் இல்லாத நீரைக் கொண்டு தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். காற்றுப் பம்பை இயக்குங்கள். அது இல்லையென்றால் ஒரு குவளையால் தொட்டி நீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். அன்றும் மறுநாளும் உணவு போட வேண்டாம். வளர்ந்த, நலமான மீன்கள் இரண்டு மூன்று நாட்கள் உணவின்றி இருப்பதால் அவற்றுக்குக் கேடு எதுவும் வராது.

செத்த மீன் அல்லது நத்தை எங்கேனும் மறைந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். வடிகட்டியின் பின்புறம், அலங்காரப் பொருளின் பொந்து, செடியின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் தேடுங்கள். மீன்களை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை தேடுவதை நிறுத்த வேண்டாம். இந்த வெப்பத்தில் ஒரு சிறிய கப்பி மீனின் உடல்கூட ஒரே நாளில் கரைந்து நீரைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் படி: ஒரு கண்ணாடிக் குவளை நீர்

தொட்டிக்குள் பார்த்து நிறத்தைத் தீர்மானிப்பது கடினம். பின்புறத் தாளின் நிறமும் விளக்கின் நிறமும் கண்ணை ஏமாற்றும். ஆகவே ஒரு வெள்ளைக் கண்ணாடிக் குவளையில் தொட்டி நீரை எடுத்து, பகல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். பின்னர் அதை ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் சாம்பல் நிறப் பொடி படிந்து மேல்நீர் தெளிந்தால், அது கழுவாத மணலின் அல்லது கல்லின் தூசி. எதுவும் படியாமல் அரிசி களைந்த நீரைப் போல வெளிறியே இருந்தால், அது பற்றீரியாக் கலங்கல். இளம்பச்சையாக இருந்தால், நீரில் மிதக்கும் நுண் அல்காக்கள். தெளிவாகவே இருந்து தேநீர்ச் சாயல் மட்டும் தெரிந்தால், மரத்துண்டிலிருந்தோ உலர்ந்த இலையிலிருந்தோ இறங்கிய தனின்.

பிறகு அந்தக் குவளையை மூக்கருகே கொண்டு செல்லுங்கள். நலமான தொட்டியின் நீரில் மழை நனைத்த மண்ணின் மெல்லிய வாசம் இருக்கும். அதை நாற்றம் என்று நினைத்துத் தொட்டியைக் கழுவுவோரும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம், புளித்த உணவின் நாற்றம், செத்த மீனின் கவிச்சி ஆகியவையே கவனிக்க வேண்டியவை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தூசிக் கலங்கலுக்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை. வடிகட்டி ஓரிரு நாட்களில் அதைப் பிடித்துவிடும். நான்கில் ஒரு பங்கு நீர் மாற்றினால் இன்னும் விரைவில் தெளியும்.

மூன்றாம் படி: வெண்மைக் கலங்கலைப் புரிந்துகொள்ளுதல்

புதிய தொட்டிகளில் வருவது பெரும்பாலும் இதுவே என்பதால் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். மீனின் செவுள்கள் வழியாகவும் கழிவு வழியாகவும், உண்ணாமல் விடப்பட்ட உணவு அழுகுவதாலும் நீரில் அமோனியா சேர்கிறது. நைத்திரோசோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், நைத்திரோஸ்பைரா போன்றவை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் மிகக் குறைந்த அளவிலேயே மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்று அந்தளவுக்கு ஆபத்தானதல்ல, கிழமைதோறும் சிறிது நீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். இந்த நைதரசன் வட்டம் நிலைபெற நம் நாட்டு வெப்பத்திலும் நான்கு முதல் ஆறு கிழமைகள் எடுப்பது வழக்கம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. சாதகமான சூழலிலும் அவை இரட்டிப்பாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அழுகும் உணவைத் தின்னும் வேறு வகைப் பற்றீரியாக்களோ ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகக் கூடியவை. புதிய தொட்டியில் உணவு அதிகமாகி, போட்டிக்கு எதிரிகளும் இல்லாதபோது, இந்த இரண்டாம் வகை நீர் முழுவதும் பெருகி மிதக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் வெண்மை அதுதான். இவற்றால் மீனுக்கு நேரடித் தீங்கு குறைவு. ஆனால் அவை நீரிலுள்ள ஒட்சிசனைப் பெருமளவில் உறிஞ்சுவதால், விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் திணறுவதைக் காணலாம்.

இப்போது முழு நீரையும் மாற்றினால் மிதக்கும் பற்றீரியா போய்விடும், அதன் உணவான கழிவு கல்லுக்கிடையில் தங்கிவிடும். கல்லையும் பஞ்சையும் சேர்த்துக் கழுவினாலோ அவற்றில் ஒட்டி வளரத் தொடங்கிய நல்ல பற்றீரியாவும் போய்விடும். நான்கு கிழமைக் காத்திருப்பு மறுபடியும் முதல் நாளிலிருந்து ஆரம்பமாகும். ஞாயிறுதோறும் தொட்டியைக் கழுவும் வீடுகளில் நீர் எப்போதும் கலங்கியே இருப்பதன் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். இரண்டு நாட்கள் உணவை நிறுத்துங்கள். மூன்றாம் நாளிலிருந்து, ஒரு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்துக்குள் முழுவதும் தின்று முடியும் அளவு மட்டும் போடுங்கள். காற்றுப் பம்பை இரவு பகலாக இயக்குங்கள். சில நாட்களிலிருந்து ஒரு கிழமைக்குள் வெண்மை பொதுவாகத் தானாக மறையும். அமோனியாச் சோதனைத் துளி மருந்து கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்வது நன்று: அமோனியாவோ நைத்திரைற்றோ லீற்றருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், மறுநாளும் அப்படியே இருந்தால் மீண்டும் மாற்றுங்கள். நைத்திரைற்று உயர்ந்திருக்கும் நாட்களில் ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் சாதாரண உப்பைக் கரைத்துச் சேர்ப்பதும் உதவும். உப்பிலுள்ள குளோரைட்டு, செவுள் வழியாக நைத்திரைற்று இரத்தத்துக்குள் செல்வதைத் தடுக்கிறது.

இவை எல்லாவற்றையும் விட விரைவான வழி ஒன்று உண்டு. மீன்கள் நோயின்றி வாழும் பழைய தொட்டி வைத்திருக்கும் உறவினர் அல்லது அயலவரிடமிருந்து, பயன்பாட்டிலுள்ள வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அதே தொட்டி நீரில் நனைந்தபடியே கொண்டுவந்து உங்கள் வடிகட்டிக்குள் வைத்துவிடுங்கள். கடையில் போத்தலில் அடைத்து விற்கும் பற்றீரியாத் திரவத்தை விட அந்த அழுக்குப் பஞ்சையே நான் நம்புவேன்.

தெளியவைக்கும் திரவங்களையும் படிகாரத்தையும் இங்கே நாட வேண்டாம். கிணற்று நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடும் பழக்கம் நம்மிடையே பழையது. மண் கலங்கலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மீன் தொட்டியில் கலங்கலை அடியில் படியவைப்பதால் அதன் காரணம் அகலாது. படிகாரம் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானத்தைத் தாழ்த்தி மீனுக்கு இன்னொரு துன்பத்தைக் கொண்டுவரும்.

நான்காம் படி: நீர் எங்கிருந்து வருகிறது

மட்டக்களப்பு நகரின் குழாய் நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்தும், அம்பாறையின் குழாய் நீர் கொண்டவட்டுவான் குளத்திலிருந்தும் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு வருகிறது. அந்தக் குளோரின் மீனின் செவுளையும் பற்றீரியாவையும் ஒருங்கே தாக்கும். வாய் அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். காற்றுப் பம்பின் குழாய் முனையில் பொருத்தும் காற்றுக்கல்லைப் போட்டால் இன்னும் விரைவாக அகலும். அவசரத்துக்கு, கடைகளில் அன்டி குளோரின் என்று விற்கும் திரவத்தைப் போத்தலில் குறித்த அளவில் விடலாம். வாளியை மெல்லிய துணியால் மூடி வைத்து, நாட்கணக்கில் அப்படியே விட்டுவிடாமல் பயன்படுத்திக் கவிழ்த்து விடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

கிணற்று நீரில் குளோரின் இல்லை என்பது வழமையான நாட்களுக்குத்தான் பொருந்தும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் வெள்ளம் வடிந்த பின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் ஆலோசனைப்படி கிணறுகளுக்கு வெளிற்றும் தூள் இடப்படுவதுண்டு. அப்போது கிணற்றில் குழாய் நீரிலிருப்பதை விடப் பல மடங்கு குளோரின் இருக்கும். அந்த நாட்களில் கிணற்று நீரையும் அன்டி குளோரின் விட்டே பயன்படுத்த வேண்டும்.

கடலோர மணற்பாங்கான கிணறுகளுக்கு வேறு சில குணங்களும் உண்டு. நீர் கடினமாகவும், கோடையில் சற்று உவராகவும் இருக்கும். வீடுகள் நெருங்கிய காத்தான்குடி, கல்முனை போன்ற இடங்களில் மலக்குழியும் கிணறும் அருகருகே இருப்பதால், கிணற்று நீரிலேயே நைத்திரேற்று கூடுதலாக இருக்கலாம். நீர் மாற்ற மாற்ற அல்கா பெருகுவதாகத் தோன்றினால் இதைச் சந்தேகியுங்கள். இறைக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் ஒரு நாள் வைத்ததும் செம்மஞ்சளாக மாறும் நீரில் இரும்பு உண்டு. அதைப் படியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். வாவி நீரும் வயல் வாய்க்கால் நீரும் வேண்டவே வேண்டாம்: முன்னதில் உப்பு, பின்னதில் பூச்சிநாசினி.

கல்லடிக் கடற்கரையிலோ பாசிக்குடாவிலோ அள்ளிய மணலும் சிப்பியும் அழகாக இருந்தாலும் நன்னீர்த் தொட்டிக்குப் பொருந்தாதவை. பவளக்கல்லை எடுப்பது சட்டப்படியும் தடை. சிப்பித் துண்டுகள் கரைந்து நீரின் பீஎச் பெறுமானத்தை உயர்த்தும். அது 7 இலிருந்து 8 இற்கு உயர்ந்தால், அதே அளவு அமோனியாவில் நஞ்சான பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். ஆற்று மணலையோ கூழாங்கல்லையோ, ஊற்றும் நீர் தெளிவாக ஓடும்வரை அலசிப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: நாற்றத்தின் இடத்தைக் கண்டுபிடித்தல்

நீர் தெளிவாக இருந்தும் நாறினால், நாற்றம் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்தே வரும். முதலாவது, மறைந்திருக்கும் பிணம். அதை ஏற்கெனவே தேடிவிட்டோம். இரண்டாவது, கல்லுக்கிடையில் தங்கிய உணவு. ஒரு சிறு குச்சியால் தொட்டியின் மூலையில் கல்லை மெதுவாகக் கிளறுங்கள். பழுப்புத் தூள் புகைபோல் எழுந்தால் அது கழிவு, குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். கறுப்பாக எழுந்து, குமிழிகளோடு அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அங்கே ஒட்சிசன் இல்லாத இடத்தில் ஐதரசன் சல்பைட்டு உண்டாகியிருக்கிறது. அது மீனுக்குக் கடும் நஞ்சு. முழுத் தரையையும் ஒரே நாளில் கிளறிவிடாமல், கிழமைக்கு நான்கில் ஒரு பகுதியாக, குழாயால் உறிஞ்சியபடியே துப்புரவாக்குங்கள். கல்லின் தடிப்பு 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் இருந்தால் இந்நிலை மீண்டும் வருவது அரிது.

மூன்றாவது, நின்றுபோன வடிகட்டி. மின்சாரம் பல மணி நேரம் இல்லாமல் போகும்போது, மூடிய வடிகட்டிக்குள் இருக்கும் நீரில் ஒட்சிசன் தீர்ந்து நல்ல பற்றீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகிய நீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட காலம் போய்விட்டாலும், மாரிக் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுவது நின்றபாடில்லை. மின்சாரம் போனவுடன் வடிகட்டியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நேரம் நீளுமென்று தெரிந்தால் பஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே மிதக்கவிடுங்கள். மின்சாரம் வந்தபின் வடிகட்டியில் தங்கிய நீரை வெளியே ஊற்றிவிட்டு இயக்குங்கள். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது பெரிய நிம்மதி.

வெப்பமும் இதனோடு சேர்ந்தே வரும். கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தொட்டி நீர் 32 பாகை செல்சியசைத் தொடும். அந்த வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 7.3 மில்லிகிராம் ஒட்சிசனையே தாங்கும், 25 பாகையில் அது 8.2 அளவில் இருக்கும். கழிவு அழுகுவதும் விரைவாகும். மூடியைச் சற்றுத் திறந்து வலையால் மறைத்து, மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும்.

பச்சை நீர்

இது வெளிச்சத்தாலும் மிகுந்த உணவாலும் வருவது. மீனுக்குப் பெரும்பாலும் கேடு செய்வதில்லை. சாளரத்தருகே இருக்கும் தொட்டியை உட்சுவரோரம் மாற்றி, விளக்கை ஒரு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்குக் குறைத்து, நீரைப் பகுதியாக மாற்றுங்கள். போதாவிட்டால் மூன்று நாட்கள் தொட்டியைத் துணியால் முழுமையாக மூடி, காற்றுப் பம்பை மட்டும் ஓடவிட்டு, பின்னர் செத்த அல்காவை அகற்ற மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

ஆறாம் படி: பகுதி நீர் மாற்றமும் பஞ்சுக் கழுவலும்

நீரில் கை வைப்பதற்கு முன் எல்லா மின் இணைப்புகளையும் கழற்றுங்கள். தொட்டியின் கொள்ளளவை அறிய, உள்ளளவு நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். இரண்டடி நீளத் தொட்டி 60, 30, 30 என்றால் 54 லீற்றர், கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறத்தாழ 45. அதில் நான்கில் ஒரு பங்கு 11 லீற்றர் அளவு, ஒரு பெரிய வாளி. குழாயை நீருக்குள் முழுதாக அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்து, தொட்டியை விடத் தாழ்வான வாளிக்குள் விட்டால் நீர் தானாக ஓடும்; வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. குழாயின் மறு முனையைக் கல்லுக்குள் குத்திக் குத்தி எடுத்தால் கழிவு அதனோடு வரும்.

அந்த வாளியிலுள்ள பழைய நீரிலேயே வடிகட்டிப் பஞ்சை இரண்டு மூன்று முறை பிழியுங்கள். அது பழுப்பாகவே இருக்கட்டும். நீர் அதனூடாக ஓடினால் போதும். நீர் மாற்றும் நாளிலேயே பஞ்சையும் புதிதாக மாற்றுவது கூடாது. புது நீர் தொட்டி நீரின் வெப்பத்துக்கு அண்மையில் இருக்க வேண்டும். அதை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றினால் கல் கிளறாது. இந்த வாளியில் ஒருபோதும் உடுப்பு ஊறவைக்க வேண்டாம். உப்புச் சேர்க்காத பழைய நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல பசளை.

மீன்களின் எண்ணிக்கை

மேற்சொன்னவற்றைச் செய்தும் கலங்கல் மாதக்கணக்கில் தொடர்ந்தால், தொட்டி தாங்கும் அளவை விட மீன்கள் கூடுதல் என்றே கொள்ள வேண்டும். 45 லீற்றரில் எட்டுப் பத்துக் கப்பிகள் சுகமாக வாழும். ஆனால் 15 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடிய, மிகுந்த கழிவு விடும் கோல்ட் பிஷ் இரண்டே அதைக் கெடுத்துவிடும். அழுக்கைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படும் டேங்க் கிளீனர் மீன் உண்மையில் அல்காவைச் சுரண்டித் தின்று, தன் பங்குக்குப் பெருமளவு கழிவு விடுவது. பெருத்துவிட்ட அந்த மீனை வாவியிலோ குளத்திலோ விடக் கூடாது. இலங்கையின் நன்னீர் நிலைகளில் அது ஏற்கெனவே ஆக்கிரமிப்பு இனமாகப் பரவியிருக்கிறது. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள்.

வீட்டில் நுளம்பு விரட்டும் தெளிப்பான் பயன்படுத்தினாலோ, தெருவில் டெங்குப் புகை அடித்தாலோ, காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத் துணியால் மூடிவைத்து, காற்றுத் தெளிந்தவுடன் பம்பை மீண்டும் இயக்குங்கள். அவற்றில் பொதுவாகக் காணப்படும் பைரித்ரொயிட்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும்.

கடைசி வழி: தொட்டியைக் கலைத்து அமைத்தல்

கல் முழுவதும் கறுத்து நாறும்போதோ, தொட்டிக்குள் சவர்க்காரமோ பூச்சிநாசினியோ விழுந்துவிட்டபோதோ மட்டுமே இதற்கு இறங்குங்கள். நஞ்சு விழுந்திராவிட்டால் தொட்டியின் பழைய நீரில் பாதியை வாளிகளில் எடுத்து, மீன்களையும் வடிகட்டிப் பஞ்சையும் அதற்குள் காற்றுக்கல்லுடன் வையுங்கள். கல்லையும் கண்ணாடியையும் வெறும் நீரால், சவர்க்காரம் இன்றித் தேய்த்துக் கழுவுங்கள். கல்லைத் திரும்ப இட்டு, மீன்கள் இருப்பதற்குப் போதிய அளவை மட்டும் விட்டு, வாளிகளிலுள்ள பழைய நீரையும் குளோரின் நீங்கிய புது நீரையும் சரிபாதியாக ஊற்றி, பஞ்சைப் பழையபடி பொருத்தி வடிகட்டியை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீன்களை விடுங்கள். நஞ்சு விழுந்த தொட்டியில் பழைய நீரையும் பஞ்சையும் காப்பாற்ற முயலக் கூடாது. எல்லாவற்றையும் நன்கு அலசி, புதிய பஞ்சுடன், அயலவர் தொட்டியின் பஞ்சுத் துண்டைச் சேர்த்துத் தொடங்கி, முதல் மாதம் முழுவதும் இரண்டு நாளுக்கு ஒரு முறை மட்டும் சிறிதளவு உணவு போடுங்கள்.